குரல் அலைவு

குரல் அலைவு என்பது, பாடுபவர் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும்போது அந்தச் சுரம் சற்று மேலும் கீழுமாகச் சீராக ஊசலாடும் தன்மையாகும். மேலை இசையில் இது விப்ராட்டோ எனப்படுகிறது. அதிர்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த இத்தாலியச் சொல் அது. தமிழில் சிலர் இதனைக் 'குரல் அதிர்வு' என்று எழுதுகின்றனர். ஆனால் குரல் நாண்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடித்து ஒலியை உண்டாக்குவதைத்தான் அறிவியல் பாடம் அதிர்வு என்கிறது. அந்த ஒலி ஒட்டுமொத்தமாக நொடிக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்குவது வேறொரு நிகழ்வு. இரண்டும் குழம்பாதிருக்க இக்கட்டுரையில் 'அலைவு' என்ற சொல்லே ஆளப்படுகிறது.

இயல்பான அலைவு பாடகர் செய்யும் செயலன்று. மூச்சு சீராகி, தொண்டை இறுக்கம் நீங்கி, சுருதி நிலைபெற்ற குரலில் அது தானே தோன்றுகிறது. இதை அறியாமல் தாடையையோ வயிற்றையோ உதறி அலைவை வரவழைக்க முயலும் மாணவர்கள் பலர். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் இசையின் கமகம் வேறு, குரல் அலைவு வேறு. திரைப்பாட்டும் மேலைப் பாட்டும் கேட்டு வளரும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கமகத்தையும் கெடுத்துக்கொள்கின்றனர், கார்வையையும் கெடுத்துக்கொள்கின்றனர்.

அலைவின் வேகமும் அகலமும்

பயிற்சி பெற்ற குரல்களில் அலைவு பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 7 முறை நிகழ்கிறது. தாளம் கற்ற மாணவர் இதைக் கருவியின்றியே உணரலாம். கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து நொடிக்கு ஒரு தட்டு போடவும். ஒரு தட்டுக்குள் 'தகதிமி' என்று நான்கு சொல்லி, பிறகு 'தகதகிட' என்று ஐந்து, 'தகிட தகிட' என்று ஆறு, 'தகிட தகதிமி' என்று ஏழு சொல்லிப் பார்க்கவும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட அந்த ஓட்டமே காதுக்கு இனிய அலைவின் ஓட்டம். நான்காகக் குறைந்தால் குரல் தள்ளாடுவதுபோல் கேட்கும். எட்டைத் தாண்டினால் ஆடு கத்துவதுபோல் ஆகிவிடும்.

மேலை நாட்டு ஓபரா பாடகர்களிடம் நடுநிலையிலிருந்து இருபுறமும் அரைச் சுரத்தானம் முதல் ஒரு சுரத்தானம் வரை அலைவு விரிவதுண்டு. பன்னிரண்டு சுரத்தானங்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடைப்பட்ட தூரத்தையே இங்கு ஒரு சுரத்தானம் என்கிறோம். மெல்லிசைப் பாடகர்களிடம் அகலம் இதைவிடக் குறைவு. இவ்வளவு ஏறி இறங்கியும் பாட்டு சுருதி விலகியதாகத் தோன்றாததற்குக் காரணம் நம் செவிதான். வேகமாக ஊசலாடும் ஒலியைச் செவி தனித்தனி உயரங்களாகப் பிரிப்பதில்லை. ஊசலின் நடுப்புள்ளியையே சுரமாக எடுத்துக்கொள்கிறது. நடுப்புள்ளி சுருதியில் இல்லையென்றால் அலைவு அந்தப் பிழையை மறைக்காது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இந்த அளவுகளை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் சீஷோர் குறிப்பிடத்தக்கவர். அயோவா பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் இசைத்தட்டுகளிலும் நேரடிப் பாட்டிலும் அலைவை அளந்து 1930களில் நூல்களாக வெளியிட்டனர். அன்று ஆய்வகம் தேவைப்பட்ட வேலையை இன்று கைப்பேசிச் செயலி செய்துவிடுகிறது. பாடும் சுரத்தைக் கோடாக வரைந்து காட்டும் செயலியில், நிலையான கார்வை நேர்கோடாகவும் அலைவு சீரான நெளிகோடாகவும் தெரியும். பதற்றத்தால் வரும் நடுக்கம் ஒழுங்கற்ற கிறுக்கலாகத் தெரியும்.

தோன்றும் விதம்

குரல்வளையில் இரண்டு தசைத் தொகுதிகள் ஒன்றுக்கொன்று எதிராக இயங்குகின்றன. ஒன்று குரல் நாண்களை நீட்டி மெல்லியதாக்குகிறது. அப்போது சுரம் ஏறுகிறது. மற்றது நாண்களைக் குறுக்கித் தடிப்பாக்குகிறது, சுரம் இறங்குகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸ நொடிக்குச் சுமார் 131 அதிர்வுகள் கொண்டது. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது சுமார் 196. இந்த எண்ணிக்கையைப் பிசகாமல் காக்க, இரு தசைகளும் ஓயாமல் ஒன்றையொன்று ஈடுசெய்தபடி இருக்க வேண்டும். நரம்பு வழியே கட்டளை போவதற்கும் தசை அதற்கு இணங்குவதற்கும் சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தின் அளவிலேயே இந்த ஈடுசெய்தல் ஊசலாட்டமாகிறது என்பது அலைவுக்குத் தரப்படும் விளக்கம்.

மிதிவண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது எளிதில் புரியும். நேராகப் போகும் வண்டியின் கைப்பிடி உண்மையில் அசையாமல் இருப்பதில்லை. இடமும் வலமுமாக நுண்ணிய திருத்தங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகக் கற்பவர் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். திருத்தம் நடக்க வழியில்லாமல் வண்டி சாய்கிறது. தொண்டையை இறுகப் பிடித்துப் பாடுபவருக்கும் இதே நிலைதான். இறுக்கிய குரல் ஒன்று கம்பிபோல் விறைத்து நிற்கும், அல்லது களைத்துப்போய் நடுங்கும். கைப்பிடியை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு ஓட்டுவது எப்படித் தேர்ச்சி ஆகாதோ, குரலை வேண்டுமென்றே ஆட்டுவதும் அப்படியே.

கம்பிதம்: ஒரு சொல், இரு தீர்ப்பு

13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், கமகங்கள் பதினைந்தைக் கூறுகிறது. அவற்றுள் பல, சுரம் எவ்வளவு விரைவாக அசைகிறது என்ற கால அளவைக் கொண்டே வேறுபடுத்தப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் கம்பிதம், அதாவது நடுங்குவது. அதே நூல் பாடகர்க்கு ஆகாத குற்றங்கள் இருபத்தைந்தையும் கூறுகிறது. அந்தப் பட்டியலிலும் கம்பிதன் என்று ஒருவன் இருக்கிறான். இயல்பாகவே உடலும் குரலும் நடுங்கப் பாடுபவன் அவன். காக்கைக் குரலில் கத்துபவன், அஞ்சிப் பாடுபவன் ஆகியோர் வரிசையில் அவனும் நிறுத்தப்படுகிறான்.

ஒரே சொல் ஓரிடத்தில் அணியாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் இருப்பது முரணன்று. பாடகர் சுரத்தை அசைத்தால் அது கமகம். சுரம் பாடகரின் பிடியை விட்டுத் தானே நடுங்கினால் அது குற்றம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்தப் பிரிவினையைவிடத் தெளிவான ஒன்று இன்றைய மாணவருக்கும் கிடைப்பது அரிது.

எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்குத் தனித்தனி அடையாளக் குறிகளைச் சுரத்தின் மேல் அச்சிட்டுக் காட்டியது. கம்பிதத்துக்கு அது தந்த குறி ஒரு நெளிகோடு. வீணையின் மெட்டில் இடக்கை விரல்களை ஊன்றித் தந்தியை அசைப்பதாகக் கம்பிதம் அதில் விளக்கப்பட்டுள்ளது. குரலின் நுட்பத்தை வீணையைக் கொண்டு விளக்கியது தற்செயலன்று. வீணையில் அசைவு விரலின் கண்கூடான செயல். அதன் தொடக்கமும் முடிவும் அகலமும் வாசிப்பவர் முடிவு.

தோடி ராகத்தின் காந்தாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது தன் தானத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி மத்தியமம் வரை எழும்பி ஊசலாடுகிறது. அலைவைக் காட்டிலும் இந்த ஊசலின் அகலம் பெரிது, வேகம் ராகத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. அசைவை எடுத்துவிட்டால் தோடி தோடியாக இராது. அலைவை எடுத்துவிட்டால் பாட்டின் சுவை சற்று மாறலாம், ராகம் மாறாது. ஸ, ப ஆகிய இரண்டும் ஒரே தானமுடைய அசையாச் சுரங்கள் என்பதால் அவற்றுக்குக் கம்பிதம் தருவது வழக்கமில்லை. எனவே ஒரு மாணவரின் குரலில் இயல்பான அலைவு இருக்கிறதா, அல்லது வெறும் நடுக்கமா என்று பார்க்க விரும்பும் ஆசிரியர் ஸவிலும் பவிலும் நீண்ட கார்வை பாடச் சொல்லிக் கேட்டாலே போதும்.

நாகசுரத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. அதில் சீவாளியைப் பற்றும் உதட்டின் அழுத்தமும் மூச்சும் துளையை விரல் எவ்வளவு மூடுகிறது என்பதும் சேர்ந்தே சுரத்தை நிர்ணயிக்கின்றன. குரலைப்போலவே பிசகக்கூடிய கருவி அது. தில்லானா மோகனாம்பாள் (1968) திரைப்படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் ஒலிப்பதிவுகளில் நிலையான கார்வையும் விரிந்த கமகமும் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன.

மதுரைக் குரல்கள் சில

மதுரையில் 1916இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமிக்கு வீணைக் கலைஞரான தாய் சண்முகவடிவே முதல் குரு. தம்புராவை மீட்டிப் பாடிக்கொண்டிருக்கும்போது இடையிடையே மீட்டுவதை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பாடி, மறுபடி மீட்டித் தம் சுருதி விலகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாக அவர் தம் சிறுவயதுச் சாதகத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். செலவில்லாத, ஆனால் ஈவிரக்கமில்லாத தேர்வு இது. இன்று தம்புரா இல்லாத வீட்டிலும் மின்னணுச் சுருதிப் பெட்டியின் ஒலியைக் குறைத்தும் கூட்டியும் இதைச் செய்யலாம். அலைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாணவர் தேற வேண்டிய பாடம் இது.

மதுரை மணி ஐயர் (1912–1968) பெருங்குரல் படைத்தவரல்லர். ஆயினும் சுருதியோடு இழைந்து நின்ற அவருடைய கார்வைகளைக் கேட்டவர்கள் குரலின் பருமனைக் குறையாகச் சொன்னதில்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ வித்யாலயத்தில் பயின்றவர் அவர். குரல் வளம் என்பது உரத்துப் பாடுவது என்று நினைக்கும் பெற்றோர்க்கு அவருடைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டலாம்.

மதுரையில் 1922இல் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் காட்டும் பாடம் வேறு. இளமையில் அவர் எம். கே. தியாகராஜ பாகவதரின் பாணியை அப்படியே பின்பற்றிப் பாடிவந்தார். 1950இல் வெளியான கிருஷ்ண விஜயம் படத்தில் அவர் முதன்முதலாகப் பாடியபோதும் அந்தச் சாயல் தெளிவாகவே இருந்தது. பின்னர் சிவாஜி கணேசனுக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடும்போது ஒலித்தது அவருக்கே உரிய கனத்த குரல். பிறர் குரலைக் கேட்டுப் பாடிப் பழகுவது தவறன்று. செவி அப்படித்தான் வளர்கிறது. ஆனால் இன்னொருவரின் அலைவு அவருடைய குரல்வளையின் அமைப்பையும் மூச்சையும் சார்ந்தது. அதை ஒட்டவைத்துக்கொள்ள முயல்பவர் தம் குரலில் அலைவு தோன்றும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறார். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் பத்து வயதுப் பிள்ளை நாற்பது வயதுப் பாடகரைப்போல் அடிக்கு அடி குரலை உலுக்குவதும், அதற்குக் கைதட்டல் கிடைப்பதும் வருந்தத்தக்கவை.

அலைவு அல்லாத ஆட்டங்கள்

குரல் ஆடுவதெல்லாம் அலைவன்று. மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோச்சடை போல நகரோடு இணைந்துவிட்ட வைகைக்கரை ஊர்களில் முளைப்பாரித் திருவிழாவில் பெண்கள் குலவையிடுவதைக் கேட்டிருப்பார்கள். அங்கே துள்ளுவது நாக்கு. குரல்வளை ஒரே உயர் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, நாவின் வேகமான அசைவு அதை வெட்டி வெட்டிக் காட்டுகிறது. ஒப்பாரியில் குரல் தழுதழுப்பது விம்மலால். மூச்சு துண்டுபடுவதும் தொண்டை அடைப்பதும் சேர்ந்த ஆட்டம் அது. வாய்விட்டுச் சிரிக்கும்போது ஆடுவது வயிறு. அங்கே சுரம் மாறுவதைவிட ஒலியின் வலுவே கூடிக் குறைகிறது. மேடையில் முதன்முறை நிற்கும் பிள்ளையின் குரல் நடுங்குவது அச்சத்தால். இவை ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் பொருளுடையவை. ஒப்பாரியில் தழுதழுப்பு இல்லாவிட்டால்தான் குறை. ஆனால் இவற்றுள் ஒன்றை எடுத்துக் கார்வையில் செருகினால் அது அலைவு ஆகிவிடாது.

வயிற்றை உதறி அலைவு வரவழைக்கக் கற்றுத்தரும் மெல்லிசைப் பயிற்சிகள் உண்டு. விரைவில் பலன் தெரிவதால் மாணவர்கள் அவற்றை விரும்புகின்றனர். அப்படிப் பழகிய குரலில் ஒலி விட்டுவிட்டு முட்டுவதும், வேகமான பாட்டில் உதறலை நிறுத்த முடியாமற்போவதும் பின்னால்தான் தெரியவரும். தாடை ஆட்டம் இதனினும் எளிதில் கண்டுபிடிக்கத்தக்கது. கண்ணாடி ஒன்று போதும்.

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் காட்சியை வருணிக்கும்போது, புருவம் ஏறாமலும் கண் ஆடாமலும் கழுத்து விம்மாமலும் பல் வெளித்தெரியாமலும் அவள் பாடியதாகக் கூறுகிறார். அழகுக்காக மட்டும் சொல்லப்பட்டதாக அதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. புருவம், கழுத்து, தாடை ஆகியவை வேலை செய்யத் தொடங்கினால் குரல்வளை தன் வேலையைச் சுதந்திரமாகச் செய்யவில்லை என்று பொருள். இன்றைய குரற்பயிற்சி ஆசிரியர்கள் மாணவரிடம் பார்ப்பதும் இவற்றையே.

பயிற்சி முறை

அலைவுக்கென்று தனிப்பயிற்சி கேட்டு வரும் மாணவரை நல்ல ஆசிரியர் முதலில் கார்வைக்கே அனுப்புவார். வசதியான சுருதியில், மத்திய ஸ்தாயி ஸவில், அகாரமாக, ஒரே வலுவில், அசைவில்லாமல் நிற்பது. எட்டு எண்ணும் வரை முதலில். சில வாரங்களில் பன்னிரண்டு, பதினாறு. மூச்சு முடியும் தறுவாயில் குரல் தொய்யத் தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை பிழிவதால் தொண்டை இறுகுகிறது. விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் மெல்லப் பாடும் பழைய வழக்கம் இதற்கு மிகவும் உதவும். கீழ்ச் சுரங்களில் கத்த முடியாது என்பதே அதன் நன்மை. கழுத்தளவு நீரில் நின்று சாதகம் செய்ததாகச் சொல்லப்படும் கதைகளைப் பிள்ளைகள் பின்பற்ற வேண்டியதில்லை.

தொண்டை தளர்வதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு ஒன்று பயன்படும். பேருந்து ஓட்டுவதாகப் பாவித்து உதடுகள் படபடக்கப் 'புர்ர்ர்' என்று ஒலி எழுப்பாத குழந்தை இல்லை. அதே ஒலியை ஸ முதல் ப வரை ஏற்றி இறக்கினால் மூச்சு சீராக வந்தால்தான் உதடு துடிக்கும். தொண்டையை இறுக்கினால் துடிப்பு நின்றுவிடும். மேலை நாட்டுக் குரற்பயிற்சியில் இதற்கு நிலையான இடம் உண்டு. நம் ஊரில் மாணவர்கள் வெட்கப்படுகிறார்கள். ஆசிரியர் தாமே முதலில் செய்துகாட்டினால் வகுப்பு சிரித்துவிட்டுச் சேர்ந்துகொள்ளும். அடுத்து வாயை மூடி 'ம்' என்று முனகி, மூக்கின் மேலும் உதட்டிலும் அதிர்வை உணர்ந்து, மெல்ல வாயைத் திறந்து அகாரத்துக்கு வருவது.

கார்வை நிலைத்த பின் அதை வளர்த்துத் தேய்க்கப் பழக வேண்டும். மிக மெல்லத் தொடங்கி, நடுவில் குரலை நிறைத்து, மறுபடி மெலிந்து முடிப்பது. சுரம் மட்டும் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இத்தாலியக் குரற்பயிற்சி மரபில் மெஸ்ஸா டி வோச்சே எனப் பெயர்பெற்ற பயிற்சி இது. இயல்பான அலைவு பெரும்பாலும் இங்கேதான் முதலில் தலைகாட்டும்: குரல் நிறைந்து மெலியத் தொடங்கும் இடத்தில், மாணவர் எதிர்பாராத ஒரு நாளில், இரண்டு மூன்று அலைகள். அதைப் பிடித்துவைக்க முயன்றால் ஓடிவிடும். கவனிக்காமல் பாட்டைத் தொடர்வதே தக்கது.

இதற்கு இணையாக, ஆனால் தனியாக, சுர அசைவுப் பயிற்சி நடக்க வேண்டும். சரளி வரிசைகளை மூன்று காலத்திலும், ஜண்டை வரிசையில் இரண்டாம் சுரத்துக்கு உரிய அழுத்தத்தோடும் பாடுவது குரல்வளையின் சுறுசுறுப்பை வளர்க்கிறது. அடுத்தடுத்த இரு சுரங்களை எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு தட்டு வீதம், தட்டுக்கு இரண்டு, மூன்று, நான்கு முறை என்று மாறிமாறித் தொடுவதும் நல்லது. இங்கே மாணவர் அசைவைத் தொடங்கவும் நிறுத்தவும் கற்கிறார். இது கமகத்துக்கான வழி. இதை வேகப்படுத்தி அலைவாக்க முயலக்கூடாது. நிலையான ஸ, அசையும் காந்தாரம், மறுபடி நிலையான ப என்று ஒரே மூச்சில் பாட முடிந்தால் இரு பயிற்சிகளும் சரியாக நடக்கின்றன என்று கொள்ளலாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்களுக்குப் பொதுவான விடை கிடையாது. சிலருக்குக் கேளாமலே வந்துவிடுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் பாடியும் மிக நுண்ணிய அளவிலேயே நிற்கிறது. கர்நாடக இசை பாடுபவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. மேலை இசையிலேயே அலைவு நெடுங்காலம் இடமறிந்து சேர்க்கும் அணியாகக் கருதப்பட்டது. இன்றும் தேவாலயப் பாடகர் குழுவில் பலர் சேர்ந்து பாடும்போது ஒவ்வொருவரின் அலைவும் தனித்துத் துருத்தினால் குரல்கள் கலக்கா. குழுத் தலைவர் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார். திரைப்பாட்டில் அடியின் முடிவில், சொல் முடிந்து உயிரெழுத்து நீளும் இடத்தில் மெல்லிய அலைவு அழகாக அமையும். சொல்லின் நடுவே வந்தால் தமிழ் கெடும். குறிப்பாக ழகரமும் ளகரமும் ஆட்டத்தில் கரைந்துபோகின்றன.

வயதும் குரலும்

சிறுவர் குரலில் அலைவு பொதுவாக இராது. இருக்க வேண்டியதும் இல்லை. வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்ந்து குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. நாடகக்காரர்கள் இதை 'மகரக்கட்டு' என்பர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய காலம், ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க உச்சத்தில் பாடிய சிறுவர்களுக்கு மகரக்கட்டு வந்தால் பாட்டுள்ள வேடம் போய்விடும். பிழைப்பே குரலில் இருந்ததால் அந்த நிலையிலும் விடாமல் கத்திப் பாடிக் குரலைக் கெடுத்துக்கொண்டோர் உண்டு. இன்றைய மாணவனுக்கு அந்த நெருக்கடி இல்லை. பள்ளி ஆண்டுவிழாப் பாட்டுக்காகப் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி ஆசிரியர்கள் அவனை வற்புறுத்தக்கூடாது. குரல் உடையும் மாதங்களில் சுருதியைத் தாழ்த்தி, குறைந்த நேரம், எட்டும் சுரங்களுக்குள் மட்டும் பாடினால் போதும். பாட்டை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. பெண்பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் மாறுகிறது. மாற்றம் சிறிதாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

முதுமையில் அலைவின் வேகம் குறைந்து அகலம் கூடுகிறது. சாதகத்தை விடாதவர்களிடம் இது தாமதமாக வருகிறது.

பாடும்போது மட்டுமன்றிப் பேசும்போதும் குரல் நடுங்கினால் அது இசையாசிரியர் கவனிக்க வேண்டிய செய்தியன்று. நரம்புக் கோளாறுகள் காரணமாக இருக்கலாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், முன்பு எட்டிய சுரங்கள் எட்டாமற்போனாலும், பாடினால் வலித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கத்திப் பாடுவதாலும் இறுக்கிப் பாடுவதாலும் குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றக்கூடும். தொடக்கத்தில் கண்டறிந்தால் ஓய்வாலும் பேச்சுப்பயிற்சியாலுமே அவை பெரும்பாலும் சரியாகின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கான பிரிவு உள்ளது. மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும், முடிச்சைக் கரைக்காது.